பைக் மீட்டரில் ஏபிஎஸ் லைட் அணையவில்லையா? பதறவும் வேண்டாம், பழகிக்கொள்ளவும் வேண்டாம்!

சாவியைத் திருப்பியதும் பைக்கின் மீட்டரில் விளக்குகள் வரிசையாக எரியும். பச்சையில் நியூட்ரல், ஆரஞ்சில் இன்ஜின் செக். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் 'ஏபிஎஸ்' என்ற எழுத்துகளோடு மஞ்சளாக இன்னொரு விளக்கு. வண்டி கிளம்பிய சில அடிகளிலேயே அணைந்துவிட வேண்டிய இந்த விளக்கு, தெருமுனையைத் தாண்டியும் எரிந்துகொண்டே இருந்தால் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறோம். ஒருவர், 'பிரேக் போச்சு' என்று பதறி, பட்டறைக்கு ஓடி, அங்கே சொல்கிற எஸ்டிமேட்டுக்கெல்லாம் தலையாட்டுகிறார். இன்னொருவர், 'வண்டி நல்லாத்தானே ஓடுது, பிரேக்கும் பிடிக்குது' என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார். முதலாமவருக்கு வீண் செலவு. இரண்டாமவர் ஒரு மழைநாள் மாலையில், பின் சீட்டில் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக்கொண்டு திடீரென பிரேக் பிடிக்கும்போதுதான் அந்த விளக்கு எதற்காக எரிந்தது என்பதைத் தெரிந்துகொள்வார்.

இரண்டுமே தேவையில்லை. விளக்கு என்ன சொல்கிறது, வீட்டு வாசலிலேயே எதையெல்லாம் பார்க்கலாம், பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏபிஎஸ் அப்படி என்னதான் செய்கிறது?

வேகமாகப் போகும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றுவது நின்றுவிடும். ஆனால், வண்டி நிற்காது. சுற்றாத சக்கரத்தோடு ரோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். கார் என்றால் நேராகச் சறுக்கும். பைக்கில் முன் சக்கரம் இப்படிப் பூட்டிக்கொண்டால், என்ன நடந்தது என்று புரிவதற்குள் கீழே கிடப்போம்.

ஏபிஎஸ் இதைத்தான் தடுக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓட்டை ஓட்டையான இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அதைத் தொடாமல், மிக நெருக்கத்தில் ஒரு சென்சார் இருக்கும். வளையத்தின் ஓட்டைகள் கடந்துபோவதை வைத்து, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்த அடுத்த நொடிக்குள், ஏபிஎஸ் யூனிட் பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கும். ஒரே நொடியில் பலமுறை இது நடக்கும். அப்போது பிரேக் லிவர் விரலுக்கடியில் 'டக டக'வென்று துடிக்கும். அது கோளாறு இல்லை. ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். பயந்துபோய் பிரேக்கை விட்டுவிடக் கூடாது. அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

1988-ல் பிஎம்டபிள்யூ தன் கே100 பைக்கில் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தபோது, அந்த அமைப்பின் எடை மட்டுமே சுமார் 11 கிலோ. இன்று ஒரு கிலோவுக்கும் குறைவான யூனிட்டுகள் வந்துவிட்டன. இந்திய நிறுவனங்களில் ஓசூரின் டிவிஎஸ், 2011-ல் அப்பாச்சி ஆர்டிஆர் 180 பைக்கில் இதைத் தந்தது. பிறகு மத்திய அரசே கட்டாயமாக்கியது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், அதற்கு முன்பே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏபிஎஸ் கட்டாயமானது. அப்போது வாங்கிய வண்டிகளெல்லாம் இப்போது பழசாகிவிட்டன. வாரன்ட்டி முடிந்து, பல டயர் மாற்றங்களையும் சில மழைக்காலங்களையும் பார்த்துவிட்டன. மஞ்சள் விளக்குக்குப் பலர் பழக்கப்படத் தொடங்குவது இந்த வயதில்தான்.

விளக்கு எப்போது எரியலாம், எப்போது எரியக் கூடாது?

சாவியை ஆன் செய்ததும் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். வண்டி நிற்கும்வரை எரிந்துகொண்டே இருப்பதும் சரிதான். சக்கரம் சுற்றினால்தானே சென்சார் சரியாக இருக்கிறதா என்று யூனிட்டுக்குத் தெரியும்! பெரும்பாலான பைக்குகளில் 5 முதல் 10 கி.மீ வேகத்தைத் தாண்டியதும் சோதனை முடிந்து விளக்கு அணையும். ஆகவே, நின்ற இடத்திலேயே சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டு 'ஏபிஎஸ் லைட் எரியுது' என்று கவலைப்படத் தேவையில்லை.

எந்த மாதிரி எரிகிறது என்பதைக் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

• கிளம்பியதும் அணைந்துவிட்டது: எல்லாம் சரி.

• கிளம்பியும் அணையவில்லை. அல்லது ஓடும்போது திடீரென எரிகிறது: ஏபிஎஸ் ஏதோ ஒரு கோளாறைக் கண்டுபிடித்து, தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

• சில நாள் எரிகிறது, சில நாள் இல்லை: லூஸ் கனெக்‌ஷன், அழுக்கான சென்சார், வலுவிழந்த பேட்டரி இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

• மினுக்கி மினுக்கி எரிகிறது: பின் சக்கர ஏபிஎஸ்ஸை அணைத்துவைக்கும் வசதியுள்ள பைக்குகளில், அந்த மோடில் இருப்பதைக் காட்டுவதாக இருக்கலாம். கைதவறி ஸ்விட்ச்சை அழுத்தியிருப்பீர்கள். வண்டியோடு வந்த மேனுவலில் இதற்கென்று ஒரு பக்கம் இருக்கும்.

• சாவி போட்டும் எரியவே இல்லை: நிம்மதி அடையாதீர்கள். அதிகம் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

லைட் எரிந்தால் பிரேக் பிடிக்குமா?

பிடிக்கும். ஏபிஎஸ் யூனிட் ஓய்ந்துவிட்டால், பிரேக் ஆயில் எப்போதும்போல் லிவரிலிருந்து நேராகக் காலிபருக்குப் போய்ச் சேரும். அதாவது, உங்கள் வண்டி ஏபிஎஸ் இல்லாத பழைய காலத்து டிஸ்க் பிரேக் வண்டியாக மாறியிருக்கிறது. அவ்வளவுதான். சாதாரணமாக பிரேக் பிடிக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. 'நல்லாத்தான் பிடிக்குது' என்ற தைரியம் வருவது இதனால்தான். வித்தியாசம் தெரிவது, குறுக்கே நாய் ஓடும் அந்த ஒரு நொடியில்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு. விளக்கு எரிவதோடு பிரேக் லிவர் வழக்கத்தைவிட மெத்தென்று உள்ளே போனாலோ, கைப்பிடியைத் தொட்டாலோ, காலிபர் அருகிலோ ஹோஸிலோ ஈரக்கசிவு தெரிந்தாலோ, அது வேறு பிரச்னை. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. பட்டறைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். அல்லது மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

வழியில் எரிந்தால் எப்படி ஓட்டுவது?

லிவரும் பெடலும் வழக்கம்போல் இருந்தால், வீடு அல்லது பட்டறைவரை நிதானமாக ஓட்டிப் போகலாம். முதலில் ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, மறுபடி ஆன் செய்து, மெதுவாகக் கிளம்புங்கள். சில சமயம் இதிலேயே அணைந்துவிடும். அணையாவிட்டால், இவற்றை நினைவில் வையுங்கள்.

வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டியிடமிருந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். முன், பின் பிரேக் இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டிப் பிடியுங்கள். ஒரேயடியாக இறுக்க வேண்டாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்; வளைவுக்குள் பிரேக்கைத் தேடாதீர்கள்.

ரோட்டில் சில இடங்கள் ஏபிஎஸ் இல்லாத பைக்குக்கு எமன். லாரியிலிருந்து சிந்திய மணல், மழையில் நனைந்த வெள்ளைக் கோடுகள், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, ரயில்வே கேட்டின் தண்டவாளம், கிராமத்து ரோட்டில் காயப்போட்டிருக்கும் நெல்லும் கம்பும். இவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல், வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கடந்துவிடுங்கள்.

சரிசெய்யும்வரை பின்னால் ஆள் ஏற்ற வேண்டாம். வார இறுதிக்குக் கொல்லிமலை போகத் திட்டமிட்டிருந்தால் தள்ளிப்போடுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இந்த நிலையில் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை.

கோளாறே இல்லாமலும் எரியுமா?

எரியும். செயினைச் சுத்தம் செய்ய, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டு, பின் சக்கரத்தை ஓடவிடுகிறார்கள் இல்லையா? அப்போது பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. இரண்டு சக்கரங்களிலும் சென்சார் உள்ள பைக்கில், யூனிட் குழம்பிப்போய் விளக்கைப் போட்டுவிடும். சாவியை அணைத்து ஆன் செய்து சிறிது தூரம் ஓட்டினால் சரியாகிவிடும். இதைச் சில நிறுவனங்களின் மேனுவலிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். (இன்ஜின் ஓடும்போது செயினைத் தொடுவதே விரலுக்கு ஆபத்து. சக்கரத்தைக் கையால் சுற்றியே எண்ணெய் போடுங்கள்.)

மிகவும் குண்டும் குழியுமான ரோட்டில் நீண்ட தூரம் போனாலும், முன் சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்தாலும் இதே கதைதான். முதல் காரணத்துக்கு நெடுஞ்சாலைத் துறையைச் சொல்லலாம். இரண்டாவதற்கு உங்கள் வீட்டுப் பையனைத்தான் கேட்க வேண்டும்!

வீட்டு வாசலில் 20 நிமிட சோதனை

மறுபடி மறுபடி எரிகிறதா? பட்டறைக்குப் போவதற்கு முன் கீழே உள்ள வரிசையில் பாருங்கள். செலவில்லாதவை முதலில், சிக்கலானவை கடைசியில்.

1. பேட்டரி: ஏபிஎஸ் யூனிட்டுக்குச் சீரான மின்சாரம் வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் முதலில் கோபித்துக்கொள்வது அதுதான். செல்ஃப் ஸ்டார்ட் முனகுகிறதா, ஹாரன் கம்மிப்போகிறதா, பல நாள் எடுக்காமல் நின்ற வண்டியா? பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால், இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரில் பிரச்னை. மீட்டர் இல்லாதவர்கள், பேட்டரி டெர்மினல் நட்டுகள் லூஸாக இருக்கின்றனவா, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

2. பிறகு மாட்டிய ஆடம்பரங்கள்: ஃபாக் லைட், ஏர் ஹாரன், மொபைல் சார்ஜர் எதையாவது சமீபத்தில் மாட்டினீர்களா? அவற்றுக்கான வயரை எங்கிருந்து இழுத்தார்கள்? கிடைத்த வயரை வெட்டி முறுக்கி, டேப் சுற்றியிருந்தால், சந்தேகத்தை அங்கே தொடங்குங்கள்.

3. ஃப்யூஸ்: பைக்கின் ஃப்யூஸ் பெட்டியிலோ பேட்டரி அருகிலோ ஏபிஎஸ்ஸுக்கெனத் தனி ஃப்யூஸ்கள் இருக்கும். மோட்டாருக்கு ஒன்று, யூனிட்டுக்கு ஒன்று எனப் பல வண்டிகளில் ஒன்றுக்கு மேல் உண்டு. சாவியை அணைத்துவிட்டு, எடுத்துப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃப்யூஸைப் போடுங்கள். மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அப்போது பெரிய ஃப்யூஸ் போடுவதும் செப்புக் கம்பியைச் சுற்றுவதும் வண்டிக்குத் தீவைப்பதற்குச் சமம்.

4. சென்சார்: சக்கரத்தின் அருகே, வயரோடு, விரல் நுனி அளவில் கறுப்பாக இருக்கும். அதன் முனையில் பிரேக் பேடின் தூளும் சேறும் அப்பிக்கொண்டால் வளையத்தின் ஓட்டைகளை அதனால் சரியாக எண்ண முடியாது. டிஸ்க் ஆறிய பிறகு, ஈரத் துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ துடைத்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட வேண்டாம். காந்தம் எதையும் அருகில் கொண்டுபோக வேண்டாம். எண்ணெய் ஸ்ப்ரே எதையும் அடிக்கவே வேண்டாம். ஒரு துளி டிஸ்க்கில் பட்டாலும், கோளாறு இல்லாத பிரேக்கையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

5. வளையம்: டிஸ்க்கின் உள்பக்கம் இருக்கும் இந்த இரும்பு வளையம் மெல்லியது. வண்டியைச் சமதளத்தில் மெல்ல உருட்டியபடி, சென்சாருக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றுக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் உரசுவதுபோல் நெருங்கினாலோ, விலகினாலோ வளையம் நெளிந்திருக்கிறது. ஓட்டைகளில் கல் ஏதும் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். நீங்களே வளையத்தை நிமிர்த்த முயல வேண்டாம்.

6. வயர்: சென்சாரிலிருந்து மேலே போகும் வயரைக் கண்ணாலும் கையாலும் தொடர்ந்து போங்கள். கிளிப்பிலிருந்து நழுவி டயரில் உரசுகிறதா, ஹேண்டிலைத் திருப்பும்போது இழுபடுகிறதா, எலி கடித்திருக்கிறதா? நகரத்து அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளுக்கும் எலிக்கடி உண்டு. கனெக்டரில் தண்ணீர் புகுந்திருந்தால் உள்ளே பின்கள் பச்சையாகிவிடும். மழைக்காலத்துக்குப் பிறகு தொடங்கும் 'விட்டு விட்டு எரியும்' பிரச்னைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

7. டயர்: முன், பின் சக்கரங்களின் வேகத்தை யூனிட் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அழகுக்காக அளவு மாறிய டயர் போட்டிருந்தால் அந்தக் கணக்கு தவறும். காற்றழுத்தத்தையும் சரிபாருங்கள்.

ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டுங்கள். விளக்கு அணைகிறதா என்று பார்த்தால் போதும். 'ஏபிஎஸ் வேலை செய்யுதா பார்ப்போம்' என்று வேகமாகப் போய் பிரேக்கை இறுக்கிப் பரிசோதிக்க வேண்டாம். வேலை செய்யாவிட்டால் பதில் உங்கள் முழங்காலில் தெரியும்.

பஞ்சர் போட்ட பிறகு எரியத் தொடங்கியதா?

அப்படியானால் விடை ஏறக்குறைய கையிலேயே இருக்கிறது. நேற்றுவரை சரியாக இருந்த வண்டி, சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு விளக்கு காட்டினால், கழற்றி மாட்டியதில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

டயர் மாற்றும்போது டிஸ்க் இருக்கும் பக்கத்தைத் தரையில் வைத்து மிதித்தால் வளையம் நெளியும். ஆக்ஸிலில் இருக்கும் புஷ்ஷைப் பக்கம் மாற்றிப் போட்டாலோ, ஒன்றைப் போட மறந்தாலோ சென்சாருக்கும் வளையத்துக்கும் இடையிலான மில்லிமீட்டர் கணக்கு இடைவெளி மாறிவிடும். சென்சார் வயர் எதற்காவது இடையில் நசுங்கியிருக்கலாம். புஷ் விடுபட்டிருந்தால் அது ஏபிஎஸ் பிரச்னை மட்டுமல்ல. சக்கரமே சரியாக உட்காரவில்லை. உடனே பார்க்க வேண்டும்.

அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'அண்ணே, டிஸ்க் பக்கம் மேல இருக்கட்டும், ஏபிஎஸ் வயர் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். டியூப்லெஸ் டயரில் சாதாரண ஆணி பஞ்சர் என்றால், சக்கரத்தைக் கழற்றாமலேயே சரிசெய்யச் சொல்லலாம்.

பட்டறையில் கேட்க வேண்டிய கேள்விகள்

வாசலில் பார்த்ததில் எதுவும் பிடிபடவில்லையா? இனி ஸ்கேனர் வேண்டும். விளக்கு எரியும்போது யூனிட் தன் நினைவில் ஓர் எரர் கோடைப் பதிந்துவைக்கும். முன் சென்சாரா, பின் சென்சாரா, மின்சாரக் குறைவா, உள் மோட்டாரா என்று அது சொல்லிவிடும். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலும், நல்ல கருவி வைத்திருக்கும் பட்டறைகளிலும் இதைப் படிக்கலாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே காட்டும். ஏபிஎஸ்ஸுக்கு அவற்றை நம்பி வாங்க வேண்டாம்.

'யூனிட்டே போச்சு, மாத்தணும்' என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னால், பொறுமையாக இவற்றைக் கேளுங்கள்.

• ஸ்கேனரில் என்ன கோடு வந்தது? அதை எனக்குக் காட்ட முடியுமா?

• பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு இருந்தது?

• சென்சாரையும் வயரையும் தனித்தனியாகச் சோதித்தீர்களா? கனெக்டரைத் திறந்து பார்த்தீர்களா?

• கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தீர்களா? அதே கோடு திரும்ப வந்ததா?

• வாரன்ட்டியில் வருமா? இந்த மாடலுக்கு நிறுவனம் ஏதாவது ரீகால் அறிவித்திருக்கிறதா?

• மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா?

பாகங்களில் விலை அதிகம் ஏபிஎஸ் யூனிட்டுக்குத்தான். பல மாடல்களில் ஐந்து இலக்கத் தொகை. சென்சார் அதைவிட எவ்வளவோ மலிவு; துடைப்பதற்கோ காசே இல்லை. எனவே, மலிவானதையெல்லாம் சோதித்து முடிக்காமல் யூனிட்டை மாற்றச் சம்மதிக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிக்கொள்ளுங்கள்.

யூனிட்டையோ பிரேக் ஹோஸையோ மாற்றினால், உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் பிரேக் ஆயிலை 'பிளீட்' செய்ய வேண்டும். ஏபிஎஸ் வண்டிகளில் இதற்குச் சில மாடல்களில் ஸ்கேனரின் உதவியே தேவைப்படும். வண்டியை எடுக்கும்போது லிவர் கெட்டியாக இருக்கிறதா என்று பிடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்யவே செய்யாதீர்கள்

'லைட்தானே தொந்தரவு, அதைக் கட் பண்ணிடலாம்' என்ற யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். மீட்டரில் விளக்கைத் துண்டிப்பது, ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பது, சென்சார் வயரைக் கழற்றி விடுவது எல்லாமே ஒன்றுதான். கோளாறு அப்படியே இருக்கும். அதைச் சொல்ல ஆள் இருக்காது. நீங்கள் மறந்தாலும், அந்த வண்டியை இரவல் வாங்கிப்போகும் தம்பிக்கோ தங்கைக்கோ தெரியவே தெரியாது. ஏபிஎஸ் இருக்கிறது என்று நம்பி அவர்கள் பிரேக்கை இறுக்குவார்கள்.

வாட்டர் சர்வீஸில் ஹை பிரஷர் தண்ணீரைச் சென்சார், கனெக்டர் பக்கம் நேராக அடிக்க விடாதீர்கள். யூடியூப் பார்த்து யூனிட்டைக் கழற்றிப் பிரிக்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரைவிட இங்கே பொறுமைதான் நல்ல கருவி.

பழைய பைக் வாங்கப் போகிறீர்களா?

பெயின்ட் பளபளப்பையும் டயரையும் பார்க்கும் முன், சாவியைப் போட்டு மீட்டரைப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். ஓட்டியதும் அணைய வேண்டும். இரண்டும் நடந்தால்தான் சரி.

எரியவே இல்லை என்றால், மீட்டரில் கோளாறாக இருக்கலாம். யாரோ வேண்டுமென்றே துண்டித்தும் இருக்கலாம். 'இந்த மாடலில் அப்படித்தான்' என்ற பதிலை நம்ப வேண்டாம். ஸ்கேனர் சோதனை முடிந்த பிறகு விலை பேசுங்கள். முன் டிஸ்க்கின் அருகே சென்சாரும் வயரும் இருக்கின்றனவா என்றும் குனிந்து பாருங்கள். சிங்கிள் சேனல் வண்டியில் ஏபிஎஸ் காப்பது முன் சக்கரத்தை மட்டுமே. டூயல் சேனலில் இரண்டையும். விற்பவர் சொல்வதும் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் மாடலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

விளக்கு அணைந்துவிட்டால் பிரேக் நன்றாக இருக்கிறதா?

அப்படியும் சொல்ல முடியாது. பிரேக் பேட் தேய்ந்திருப்பதையோ, ஆயில் பழசாகிவிட்டதையோ பெரும்பாலான பைக்குகளில் இந்த விளக்கு சொல்லாது. அது ஏபிஎஸ்ஸின் மின்சார, எலெக்ட்ரானிக் கோளாறுகளை மட்டுமே கவனிக்கிறது. தேய்ந்த பேடும் மொட்டையான டயரும் இருந்தால் ஏபிஎஸ்ஸாலும் காப்பாற்ற முடியாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் சேர்ந்த ஆயில், ஏபிஎஸ் யூனிட்டின் உள்ளே இருக்கும் நுண்ணிய வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எந்தத் தரத்து ஆயில் என்பது ஆயில் டப்பாவின் மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல பைக்குகளில் 'டாட் 4'. சில நூறு ரூபாய் ஆயிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், ஐந்து இலக்கத்து யூனிட்டில் போய் முடியலாம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று சர்வீஸ் பில்லை எடுத்துப் பாருங்கள்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் வீட்டில் பைக் ஓட்டுவது நீங்கள் இல்லையென்றால், நாளைக் காலை அவர் கிளம்பும்போது வாசல்வரை போய், 'அந்த மஞ்சள் லைட் அணையுதா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'அது ரொம்ப நாளா எரியுதும்மா' என்று பதில் வந்தால், அன்று மட்டும் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு அனுப்புங்கள்.